கறுப்பு கார் பிடிக்கும், வீட்டில் வெள்ளை என்கிறார்கள், எதை எடுப்பது?

மட்டக்களப்பு வெயிலுக்குக் கறுப்பு சரிவராது என்று வீட்டில் சொல்வதாகக் கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. கறுப்பு வெயிலை உறிஞ்சும், வெள்ளை திருப்பி அனுப்பும். மதியம் கல்லடிக் கடற்கரையில் நிறுத்திவிட்டு வந்து கதவைத் தொட்டால் வித்தியாசம் கையிலேயே தெரியும். ஏசி போட்டு ஓடத் தொடங்கியதும் அது குறைந்துவிடும்.

பெரிய தொல்லை கீறல்தான். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு இருக்கும். அதன் தடிப்பு ஒரு தலைமயிர் அளவுகூட வராது. மணல் தூசி படிந்திருக்கும்போது உலர்ந்த துணியால் துடைத்தால் அதில்தான் கீறல் விழும். என்னுடையது கறுப்பு. அவசரத்தில் இரண்டு தடவை அப்படித் துடைத்துவிட்டேன். மாலை வெயிலில் பொனட்டைப் பார்த்தால் சிலந்திவலை மாதிரி வட்ட வட்டமாகத் தெரிகிறது. வெள்ளையிலும் அதே கீறல் விழும், கண்ணுக்குப் படாது. வெள்ளி நிறத்தில் அலுமினியத் துகள்கள் மின்னுவதால் தூசியும் அவ்வளவாகத் தெரியாது.

உப்புக்காற்றுக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை. எந்த நிறமானாலும் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் துரு பிடிக்கும்.

தினமும் பார்க்கப்போவது நீங்கள். மனதுக்குப் பிடித்த நிறம் என்றால் கழுவவும் அலுப்பு வராது. கறுப்பையே எடுங்கள். அப்புறம், முதலில் தண்ணீர் ஊற்றி மணலை இறக்கிவிட்டுத் துணியைத் தொடுங்கள்.