இருக்கிற துணி எத்தனை வருடம் வரும்?

கேள்வி: இந்த வருடம் புதுத்துணி எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் பீரோவில் பத்திரமாக வைத்திருந்த கல்யாணப் பட்டு மடிப்பு மடிப்பாக விட்டிருக்கிறது. கட்டாத புடவை எப்படிக் கிழியும்? ஒரு துணி எத்தனை வருடம்தான் உழைக்கும்?
– ஈரோடு வாசகி

பதில்: நல்ல முடிவு, விட்டுவிடாதீர்கள். இத்தனை வருடம் என்று கணக்குச் சொல்ல முடியாது, ஏனென்றால் எந்தத் துணியும் முதலில் ஏதாவது ஓர் இடத்தில்தான் நையும், அந்த இடத்தைக் கவனித்துக்கொண்டால் மீதித் துணி தாராளமாக உழைக்கும். சுடிதாருக்கு அக்குள், பேண்ட்டுக்குத் தொடை இடுக்கு, புடவைக்குக் காலில் உரசும் கீழ்க்கரை (ஃபால்ஸ் தைப்பதே அதற்குத்தான்).

பட்டுக்கு மடிப்புதான் எதிரி. ஜரிகையில் இருப்பது உலோகம், ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டில் பட்டு இழை அறுந்துவிடும். அதனால் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, வேறு இடத்தில் மடியுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் தங்கி ஜரிகை கறுக்கும். பழைய வேட்டித்துணியில் சுற்றி வைத்தால் போதும். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது. கட்டிக் கழற்றிய புடவையை வியர்வை காயாமல் மடிக்கவே மடிக்காதீர்கள், அந்த உப்பு பட்டை அரித்துவிடும். உங்கள் புடவையை இனி மடிக்காமல் உருட்டி வையுங்கள். உள்பக்கம் மெல்லிய நெட் வைத்துத் தைத்துக்கொண்டால் விசேஷத்துக்குக் கட்டலாம்.

காட்டன் புடவையைக் கஞ்சியோடு மாதக்கணக்கில் வைத்தால் ராமபாணப் பூச்சி வரும், கஞ்சியைக் கட்டப்போகும் வாரத்தில் போட்டுக்கொள்ளலாமே. லெக்கிங்ஸ், ஜீன்ஸ் தொளதொளத்துப் போவதற்குப் பெரும்பாலும் சூடுதான் காரணம்; அதில் இருக்கும் லைக்ரா சுடுதண்ணீரையும் இஸ்திரிப் பெட்டியையும் தாங்காது. சாயத் துணிகளை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் உலர்த்துங்கள்.

அப்புறம் ஒன்று. பழைய காட்டன் புடவை மெத்தென்று இருக்கிறது என்று தூளி கட்டக் கேட்பார்கள். கொடுக்கும் முன் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். இழை விலகித் தெரிந்தாலோ, இரண்டு கையாலும் இழுக்கும்போது லேசாகப் பிரிந்தாலோ அது குழந்தையின் எடையைத் தாங்காது, தலையணை உறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.