காளி ஏன் நாக்கை நீட்டியபடி, தலைமாலையோடு நிற்கிறாள்?

டெல்லி சித்தரஞ்சன் பார்க்கில் தீபாவளி இரவு காளி பூஜை பார்த்துவிட்டு இதைக் கேட்கிறீர்கள். முதல்முறை நானும் மிரண்டுதான் போனேன். அப்புறம்தான் கைகளைக் கவனித்தேன். இடப்பக்கம் வாளும் வெட்டிய தலையும்; வலப்பக்கம் அபயமும் வரமும். வெட்டுப்படுவது நம் அகந்தை. மாலையின் 50 தலைகள் வடமொழி எழுத்துகள், இடுப்பைச் சுற்றிய கைகள் நம் வினைகள் என்பார்கள்.

நாக்குக்கு வங்காளிகள் சொல்லும் கதை: வெறியோடு ஆடியவள், காலடியில் கிடப்பது சிவன் என்று தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தேவியின் போர்களைச் சொல்லும் நூலான தேவி மாகாத்மியத்திலோ, ரத்தபீஜன் என்ற அசுரனின் ஒவ்வொரு ரத்தச் சொட்டிலிருந்தும் இன்னோர் அசுரன் முளைக்க, ரத்தம் தரையில் விழாமல் அவளே குடித்துவிடுகிறாள். எனக்கு இதுதான் நெருக்கம். நம் மாரியம்மனும் அம்மை முத்தைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறாள் என்றுதானே ஊரில் சொல்வார்கள்?