வியட்நாம் போகிறீர்களா? ஹாய் வான் மலையை ரயிலில் கடந்து போங்கள்

கேள்வி: நானும் என் கணவரும் பள்ளி ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். மார்ச்சில் வியட்நாம் போக ஆசை. ஹனோய், ஹாலோங் விரிகுடா, டா நாங், ஹோய் ஆன், ஹோ சி மின் நகர், மேகாங் எல்லாவற்றையும் ஆறே நாளில், உள்நாட்டு விமானத்தில் கூட்டிப்போய்க் காட்டிவிடுவதாக டிராவல்ஸ்காரர் சொல்கிறார். சரிப்பட்டு வருமா? நாங்கள் சைவம்.
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: சரிப்பட்டு வராது அக்கா. பத்து நாளாவது ஒதுக்குங்கள், இடங்களைக் குறையுங்கள். ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகர் வரை ரயில் பாதை மட்டும் 1,726 கிலோமீட்டர். வடக்கே ஒரு பருவம், நடுவே ஒன்று, தெற்கே ஒன்று. சாப்பாடும் பேச்சும்கூட அப்படித்தான். விமானத்தில் ஏறி ஏறி இறங்கினால் எது எங்கே மாறுகிறது என்றே தெரியாது.

நான் குமுளியில் ஏலக்காய், மிளகு வியாபாரம் செய்பவள். ஜூன் மாதம் கம்பத்தில் திராட்சைப் பந்தல் மேல் வெயில் காயும், காற்று புழுதியை வாரி அடிக்கும். லோயர் கேம்ப் தாண்டி, பெரியாறு மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்களைப் பார்த்துக்கொண்டே பஸ் வளைவு ஏறும்போது ஜன்னலில் சாரல் விழும். குமுளி செக்போஸ்ட்டில் குடை விரித்தாக வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில் மழை, மொழி, டீயின் ருசி மூன்றும் மாறிவிடும். வியட்நாமிலும் அப்படி ஒரு மலை இருக்கிறது. ஹாய் வான் கணவாய். கடலும் மேகமும் என்று பொருள். ஒரு காலத்தில் வடக்கே வியட்நாமியர் நாட்டுக்கும் தெற்கே சம்பா நாட்டுக்கும் அதுதான் எல்லை.

போன வருஷம் மார்ச்சில் நானும் வீட்டுக்காரரும் மலைக்கு வடக்கே இருக்கிற ஹுவேயில் ரயில் ஏறியபோது தூறல். பிளாட்பாரத்தில் எல்லோரும் பிளாஸ்டிக் கோட்டு போட்டிருந்தார்கள். இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள், அதுதான் கடல் பக்கம். ரயில் சின்னச் சின்னக் குகைகளில் நுழைந்து வெளிவந்து, கடலோரமாக மலையைச் சுற்றிக்கொண்டு மெல்லப் போகும். கீழே பாறையில் அலை அடிப்பது தெரியும். ஒரு குகைக்கு முன்னால் வானம் சாம்பல் நிறம், இரண்டு குகை தாண்டினால் வெயில். எதிர் சீட்டுப் பாட்டி கோட்டைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். குமுளியிலிருந்து கம்பம் இறங்குகிற பஸ்ஸில் நான் தினம் பார்க்கிற காட்சி. டா நாங் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகும். பஸ்ஸில் போகாதீர்கள். 2005இல் மலையைக் குடைந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கப்பாதை திறந்துவிட்டார்கள், பஸ் அதற்குள் போய்விடும்.

என் கணக்கு இது: ஹனோயில் மூன்று இரவு, ஹுவேயில் இரண்டு, ஹோய் ஆனில் மூன்று, ஹோ சி மின் நகரில் இரண்டு. ஹாலோங் அழகுதான், ஆனால் போய் வர ஒரு நாள் முழுக்கத் தின்றுவிடும். விட்டுவிடுங்கள்.

ஹனோயில் வான் மியேவ் என்ற இலக்கியக் கோயிலுக்கு நீங்கள் இருவரும் கட்டாயம் போக வேண்டும். கன்பூசியஸுக்காக 1070இல் கட்டியது. அங்கே கல் ஆமைகளின் முதுகில் 82 கல்வெட்டுகள் நிற்கின்றன. 1442 முதல் 1779 வரை அரசாங்கத்தின் உயர்தேர்வில் தேறியவர்களின் பெயர், ஊர் எல்லாம் அதில் இருக்கிறது. பரீட்சை எழுதிப் பாஸானவன் பெயரை ஒரு நாடு கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. உங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டேதான் நின்றேன், வாத்தியார் மகள் நான்.

ஹுவே, 1802 முதல் 1945 வரை ங்குயென் அரசர்களின் தலைநகர். 1947இலும் 1968இலும் நடந்த சண்டைகளில் அரண்மனையின் பெரும்பகுதி அழிந்தது. இடிந்த இடத்தில் புல் முளைத்திருப்பதையும் நின்று பாருங்கள்.

ஹோய் ஆனிலிருந்து மி சோன் சுமார் 40 கிலோமீட்டர். காலையிலேயே கிளம்பிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. நாலாம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற சம்பா அரசன் பத்ரேசுவரர் என்று சிவலிங்கம் நிறுவிய பள்ளத்தாக்கு அது. பிறகு பல நூற்றாண்டுகளுக்குச் செங்கல்லிலேயே கோயில் கோயிலாகக் கட்டினார்கள். ஒரு சுவரில் விரல் வைத்துப் பார்த்தேன், இரண்டு செங்கல்லுக்கு நடுவே நகம் நுழையவில்லை. எதை வைத்து ஒட்டினார்கள் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் அங்கேயே பெரிய கோயில் நொறுங்கிப்போனது. பக்கத்தில் குண்டு விழுந்த குழிகள் இன்றும் இருக்கின்றன. நமது இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைப்பு வேலை செய்தபோது, 2020இல் மண்ணுக்குள்ளிருந்து ஒரே கல்லாலான சிவலிங்கம் கிடைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டு. பூவும் இல்லை, தீபமும் இல்லை. கும்பிடாமல் வர மனசு வரவில்லை.

ஹோ சி மின் நகரில் பென் தான் மார்க்கெட்டுக்குக் கிட்டத்தில் நம் மாரியம்மன் கோயில் இருக்கிறது, பிரெஞ்சுக்காரர் காலத்தில் போன தமிழர்கள் கட்டியது. நாங்கள் போன அன்று கும்பிட வந்தவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர். ஊதுபத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, கருவறைக்குப் பின்னால் கல்சுவரில் நெற்றியை வைத்து வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தார் ஒரு பெண்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். 'சாய்' என்றால் சைவம். பலகையில் ஆங்கில எழுத்தில் சி-எச்-ஏ-ஒய் என்று இருந்தால் தைரியமாக உள்ளே போகலாம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே நிறையப் பேர் சைவம்தான். மற்ற கடைகளில் காய்கறிக்கும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள், கேட்டுச் சாப்பிடுங்கள்.

கேள்வி: விசா, பணம் பற்றிச் சொல்லுங்கள்.
– வாசகர், செங்கோட்டை

பதில்: இ-விசாவை அந்நாட்டு அரசின் இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். ஒருமுறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை தருகிறார்கள். நாங்கள் தெரிந்த ஏஜென்ட் ஒருவரிடம் கொடுத்து மூன்று மடங்கு கட்டினோம். கொச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு 2023இல் நேரடி விமானம் தொடங்கினார்கள், உங்கள் தேதிக்கு இருக்கிறதா பாருங்கள். பணத்தில் ஒரு எச்சரிக்கை. 20,000 டோங் நோட்டும் 5 லட்சம் டோங் நோட்டும் இரண்டுமே நீலம். முன்னது நம் எழுபது ரூபாய் அளவு, பின்னது ஆயிரத்து அறுநூறுக்கு மேல். ஹோய் ஆனில் இளநீருக்கு நான் பெரிய நோட்டை நீட்டிவிட்டேன். அந்தம்மா என் கையைப் பிடித்து, நோட்டைத் திருப்பிக் கொடுத்து, என் பர்ஸிலிருந்தே சின்ன நோட்டை உருவிக் காட்டினார். அதன் பின்பக்கம் இருப்பது அந்த ஊர் ஜப்பானியப் பாலம்தான். பாலம் இருந்தால் சின்ன நோட்டு.

கேள்வி: அக்கா, வியட்நாம் மிளகுதான் நம் விலையைக் கெடுக்கிறது. அந்தத் தோட்டங்களைப் போய்ப் பார்த்தீர்களா?
– வாசகர், வண்டிப்பெரியாறு

பதில்: பார்த்தேன் தம்பி. அதற்காகவே ஹோ சி மின் நகரிலிருந்து பூவோன் மா தூத் என்ற ஊர் வரை போனோம். இன்று உலகத்திலேயே அதிகம் மிளகு ஏற்றுமதி செய்வது அவர்கள்தான். நாம் முள்முருங்கையிலும் சில்வர் ஓக்கிலும் கொடி ஏற்றுகிறோம். அங்கே பல தோட்டங்களில் செங்கல் தூணும் கான்கிரீட் கம்பமும் வரிசை வரிசையாக நிற்கின்றன, நிழலே கிடையாது, நெருக்கி நட்டிருக்கிறார்கள். பறிப்பு நடந்துகொண்டிருந்தது. கோபத்தோடுதான் போனேன். தோட்டக்காரர் ஒரு தூணுக்குக் கூட்டிப்போய் மஞ்சளித்துத் தொங்கிய கொடியைக் காட்டினார். வாட்டம். நம் தோட்டங்களைச் சாகடிக்கிற அதே நோய். வேரைத் தோண்டி மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். அழுகல் வாடை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்தத் தூணுக்குக் கீழேயே குந்தியிருந்தோம்.