நோட்டில் குறிப்பது, திரும்பிப் படிப்பது: இலக்குகள் பற்றிக் கேள்வி பதில்

16 வருடமாக நோட்டில் என் நாட்களைக் குறித்து வருகிறேன். முதல் சில வருடங்கள் எழுதியதோடு சரி, திரும்பிப் படித்ததே இல்லை. படிக்கத் தொடங்கிய பிறகுதான் நோட்டு எனக்கு உதவத் தொடங்கியது. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு பழக்கத்திலிருந்து வந்தவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, ஒவ்வொரு ஜனவரியிலும் புது நோட்டு எடுத்து, தூக்கம், உடற்பயிற்சி, படிப்பு, செலவு, தியானம் என்று பன்னிரண்டு கட்டம் போடுகிறேன். பிப்ரவரிக்குள் நின்றுவிடுகிறது. எனக்கு மன உறுதி போதவில்லையா?

மன உறுதியை அப்புறம் பார்க்கலாம், முதலில் கட்டங்களைக் குறையுங்கள். பன்னிரண்டு கட்டத்தை நிரப்பக் கால் மணி நேரமாவது ஆகும். களைத்துப் போய்ப் படுக்கும் இரவில் அந்தக் கால் மணி நேரம் யாருக்கும் கிடைக்காது.

இரண்டு கட்டம் போதும். நீங்கள் மாற்ற நினைப்பது ஒன்று. அதற்குக் குறுக்கே நிற்பதாக நீங்கள் சந்தேகப்படுவது இன்னொன்று. காலையில் ஓட வேண்டும் என்பது இலக்கானால், ஓடினேனா என்பது முதல் கட்டம், முந்தைய இரவு எத்தனை மணிக்குப் படுத்தேன் என்பது இரண்டாவது. ஒரு மாதம் கழித்து இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தவறியதெல்லாம் காலையில் தவறியதா, முதல் நாள் இரவே தவறிவிட்டதா என்று தெரிந்துவிடும்.

எழுதும் நேரத்தையும் ஏற்கெனவே செய்யும் ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள். "இரவு பல் தேய்த்து முடித்ததும் நோட்டை எடுப்பேன்" என்பது போல. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் இந்த முறையைப் பற்றி எழுதினார். "இனிமேல் ஒழுங்காக எழுதுவேன்" என்று பொதுவாக நினைப்பவர்களைவிட, "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்பவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள். நோட்டு பல் தேய்க்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அலமாரிக்குள் இருக்கும் நோட்டு மறந்து போகும்.

கேள்வி: 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே? நான் 30 நாள் செய்தும் ஒவ்வொரு நாளும் என்னை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது.

உங்களிடம் குறையில்லை, அந்த எண்தான் தவறு. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை மருத்துவர், தன் நோயாளிகள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று கவனித்து, 1960-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதினார். கைமாறிக் கைமாறி வந்ததில் "குறைந்தது" என்ற சொல் விழுந்துவிட்டது. முகத்துக்குப் பழகுவது எல்லாப் பழக்கத்துக்குமான கணக்காகிவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு புதுப் பழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். அது யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர ஒருவருக்கு 18 நாள் போதுமாயிருந்தது, இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவில் நின்ற எண் 66. தண்ணீர் குடிப்பது போன்ற எளிய பழக்கம் சீக்கிரம் ஒட்டியது, உடற்பயிற்சி அதிக நாள் எடுத்தது. 30-ஆம் நாளில் இழுத்துக்கொண்டு போவது இயல்புதான், தொடருங்கள்.

கேள்வி: ஒரு நாள் விட்டுவிட்டால் எல்லாம் போய்விட்டது போல இருக்கிறது. மறுநாள் நோட்டைத் திறக்கவே மனம் வருவதில்லை.

அதே ஆய்வில், ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. இழப்பு அந்த ஒரு நாளில் இல்லை, அதன் பிறகு நோட்டைத் திறக்காத பத்து நாளில்தான் இருக்கிறது. விட்ட நாளின் கட்டத்தை வெறுமையாக விடாமல், ஏன் என்று ஒரு சொல் எழுதுங்கள்: காய்ச்சல், பயணம், சோம்பல், மறதி. சோம்பல் என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம். மூன்று மாதம் கழித்து அந்தச் சொற்களை மட்டும் படித்தால், டிக் போட்ட கட்டங்களைவிட அவை அதிகம் சொல்லும்.

இன்னொன்று, விட்டுப்போன நாட்களை ஞாபகத்திலிருந்து நிரப்பாதீர்கள். ஞாபகம் நமக்குச் சாதகமாகத்தான் எழுதும்.

கேள்வி: காகிதமா, செயலியா?

எதை நாளைக்கும் திறப்பீர்களோ அது. 2016-இல் 138 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள், கிட்டத்தட்ட 20,000 பேர். முன்னேற்றத்தைக் கவனித்து வருவது இலக்கை எட்ட உதவுகிறது, எங்காவது பதிவு செய்தாலோ வேறொருவருக்குத் தெரிவித்தாலோ இன்னும் அதிகம் உதவுகிறது என்பதுதான் அதன் முடிவு. எனக்குக் காகிதம் பிடிக்கும், திருப்பிப் பார்க்க வசதி என்பதால்.

கேள்வி: எடையைக் குறைக்க முயல்கிறேன். தினமும் காலையில் பார்க்கிறேன். நேற்றைவிட இன்று ஒரு கிலோ கூடுதல். நேற்று எல்லாம் சரியாகத்தான் செய்தேன். அழுகையே வந்துவிட்டது.

அந்த ஒரு கிலோ கொழுப்பு இல்லை. உடம்பில் தங்கும் நீர், சாப்பாட்டில் இருந்த உப்பு, குடலில் இருப்பது, பெண்களுக்கு மாதவிடாய் நாட்கள், இவற்றாலேயே ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் ஒன்று, இரண்டு கிலோ ஏறி இறங்கலாம். நீங்கள் உண்மையிலேயே குறைக்கும் அளவோ வாரத்துக்கு அரைக் கிலோ போல இருக்கும். அந்தச் சின்ன இறக்கம் இந்தப் பெரிய ஆட்டத்துக்குள் மறைந்துவிடுகிறது.

ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுங்கள். இந்த வாரச் சராசரியைப் போன வாரச் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். நான்கு வாரச் சராசரிகளை வரிசையாக எழுதிய பிறகுதான் எந்த முடிவுக்கும் வர வேண்டும். தினமும் எண்ணைப் பார்ப்பதே மனதை வாட்டுகிறது என்றால் வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில் பாருங்கள். துல்லியம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. எடையைப் பற்றிய நினைப்பு சாப்பிட விடாமலோ தூங்க விடாமலோ செய்தால், குறிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இதை நான் கவலையோடுதான் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 70. கைக்கடிகாரம் தினமும் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்கிறது. ஆறாயிரத்தைத் தாண்ட முடியவில்லை. தோற்றுவிட்டேனா, அம்மா?

இல்லை ஐயா. பத்தாயிரம் என்பது மருத்துவர்கள் ஆராய்ந்து வைத்த எல்லை அல்ல. 1965-இல் ஜப்பானில் ஒரு அடி எண்ணும் கருவி விற்பனைக்கு வந்தது. அதன் பெயரே "பத்தாயிரம் அடி அளவி" என்ற பொருள் தருவது. அந்த எண்தான் இன்று உங்கள் கையில் இருக்கிறது. 2019-இல் ஐ-மின் லீ தலைமையில் வந்த ஆய்வு, சராசரி 72 வயதான சுமார் 16,700 பெண்களைக் கவனித்தது. நாளுக்கு 2,700 அடி அளவில் நடந்தவர்களைவிட 4,400 அடி அளவில் நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவாக இருந்தது. ஏறக்குறைய 7,500 அடிக்கு மேல் அந்த வித்தியாசம் வளரவில்லை. நடப்பதால் மட்டும்தான் இப்படி என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஆறாயிரம் நல்ல நடை. கடிகாரத்தில் இலக்கை மாற்றும் வசதி இருக்கும், ஆறாயிரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் இலக்கை எண்ணால் அளக்க முடியாது. பிள்ளைகளிடம் கோபப்படுவதைக் குறைக்க வேண்டும். எப்படிக் குறிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

பெஞ்சமின் பிராங்க்ளின் தன் குணங்களைத் திருத்த ஒரு சிறு நோட்டு வைத்திருந்தார். 13 நற்குணங்கள், வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு பத்தி, தவறிய இடத்தில் ஒரு கரும்புள்ளி. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் துரத்தாமல் வாரத்துக்கு ஒரு குணத்தில் மட்டும் தனிக் கவனம் வைத்தார். 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நான்கு சுற்று. ஒழுங்கு என்ற குணம்தான் தனக்கு ரொம்பத் தொல்லை கொடுத்தது என்று தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார்.

அவரிடமிருந்து ஒரு நேரத்தில் ஒன்று என்பதை எடுத்துக்கொண்டேன், கரும்புள்ளியை விட்டுவிட்டேன். புள்ளி வைத்தால் தவறினேன் என்பது தெரியும், ஏன் என்பது தெரியாது. "கோபம்" என்று எழுதுவதற்குப் பதில், கண்ணுக்கோ காதுக்கோ தெரியும் ஒன்றை எழுதுங்கள். எனக்கு அது "குரல் உயர்ந்தது". எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன செய்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். யார் மேல் தப்பு என்று எழுதவே கூடாது, எழுதினால் நோட்டு வழக்கு மன்றமாகிவிடும்.

ஐந்து வாரம் கழித்துப் படித்தபோது, பாதிக்கு மேல் நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்த முதல் அரை மணி நேரத்தில் இருந்தது. பிள்ளைகள் செய்தது ஒவ்வொரு முறையும் வேறு வேறு, நேரம் மட்டும் ஒன்றே. அதுவரை அவர்களைத் திருத்தப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்ததும் பத்து நிமிடம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்காருவேன் என்று அவர்களிடமே சொல்லி வைத்தேன். அடுத்த ஐந்து வாரத்தின் பக்கங்களில் அந்த அரை மணி நேரம் அநேகமாக வெறுமையாக இருந்தது.

கேள்வி: நான்கு மாதத்துக்கு முன் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. அவரோடு வந்து தங்கியிருக்கிறேன். என் பழைய இலக்குகளின் பக்கங்கள் எல்லாம் காலி. பார்த்தாலே வலிக்கிறது.

அந்த நோட்டை மூடி வைத்துவிடுங்கள். மூடுவதற்கு முன் கடைசியாக எழுதிய வரிக்குக் கீழே கோடு போட்டு, தேதியும் "அம்மாவிடம் வந்தேன்" என்பதையும் எழுதுங்கள். அது பாதியில் நின்ற நோட்டு இல்லை, ஒரு காலம் முடிந்த இடம்.

புது நோட்டில் மூன்று விஷயம் மட்டும். அம்மா இன்று எப்படி இருந்தார் என்று ஒரு வரி: தூக்கம், வலி, சாப்பாடு, மருந்து கொடுத்த நேரம். மருத்துவர் "எப்போதிலிருந்து?" என்று கேட்கும்போது ஞாபகத்தைத் துழாவ வேண்டாம். இரண்டாவது, இன்று புதிதாக மாறியது ஏதாவது. மூன்றாவது, உங்களுக்காகச் செய்துகொண்ட ஒன்று, மாடியில் ஐந்து நிமிடம் நின்றதாக இருந்தாலும் சரி. மூன்றாவது வரி ஒரு வாரம் முழுக்கக் காலியாக இருந்தால், துணைக்கு ஒருவரை அழைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தபோது இப்படித்தான் எழுதினேன். அன்றாடம் பார்க்கையில் எதுவுமே மாறாதது போல இருந்தது. ஒன்பதாவது வாரம் ஒரு நாள் முதல் பக்கத்தைத் திருப்பினேன். "இரண்டு பேர் பிடித்தும் உட்கார முடியவில்லை" என்று இருந்தது. அன்று காலை அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்திருந்தார். அந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் தடவையும் படிக்கச் சொன்னார்.

கேள்வி: எதற்கும் நான் போடும் கெடு தப்பிப் போகிறது. இரண்டு வாரம் என்று நினைத்தால் நான்கு ஆகிறது.

ஏறக்குறைய எல்லோருக்கும் அப்படித்தான். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று கணித்தார்கள், ஆனதோ 55 நாளுக்கும் மேல். ஒவ்வொரு வேலைக்கும் நினைத்த நாள், ஆன நாள் என்று இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் குறியுங்கள். பத்து வேலை சேர்ந்ததும் உங்கள் பெருக்கல் எண் கிடைக்கும். எனக்கு அது ஒன்றே முக்கால். இப்போது ஒருவருக்கு வாக்குக் கொடுக்கும் முன் அதனால் பெருக்கிவிட்டுத்தான் சொல்கிறேன்.

கேள்வி: என் நோட்டை வீட்டில் யாராவது படித்துவிடுவார்களோ என்று உண்மையை எழுத முடியவில்லை.

உங்களுக்கு மட்டும் புரியும் குறிகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து, ஒரு வட்டம் போதும். உண்மையை மாற்றி எழுதுவதைவிடச் சுருக்கி எழுதுவது மேல்.

கேள்வி: எவ்வளவு நாளுக்கு ஒரு முறை திரும்பிப் படிக்க வேண்டும்?

வாரத்தில் ஒரு நாள் பத்து நிமிடம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம், கையில் வேறு நிறப் பேனாவோடு. அப்போது ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கொள்வேன்: அன்று எனக்குத் தெரியாமல் இருந்து, இன்று தெரிவது என்ன? பதிலை ஓரத்தில் எழுதுவேன்.

கேள்வி: ஐந்து வருடமாக ஒரே இலக்கை ஒவ்வொரு ஜனவரியிலும் எழுதுகிறேன். கைவிட்டால் தோல்வியா?

ஐந்து வருடத்தில் அதற்காக எத்தனை நாள் ஏதாவது செய்தீர்கள் என்று முதலில் எண்ணுங்கள். நூறு நாள் இருந்தால் இலக்கு உங்களுடையதுதான், அதைச் சின்னத் துண்டுகளாக்கிக்கொள்ளுங்கள். மூன்றே நாள் என்றால், அதை யார் ஆசைப்பட்டது என்று யோசியுங்கள்.

வயலின் கற்க வேண்டும் என்று ஏழு வருடம் எழுதினேன். எண்ணிப் பார்த்தபோது வயலினைத் தொட்டது நான்கு நாள். அது என் அண்ணனின் ஆசை, அவன் போன பிறகு நான் எடுத்து வைத்துக்கொண்டது. அந்த வரியை அடித்து, தேதி போட்டு, பக்கத்தில் காரணத்தையும் எழுதினேன். வயலினை அவன் மகள் வாசிக்கிறாள்.