ஹோர்ட்டன் சமவெளிக்குப் போறீங்களா? வாசகர் கேள்வி பதில்

லீவுக்கு எங்க போகலாம்னு போன மாசம் கேட்டிருந்தோம், வந்த கடிதத்துல பாதிக்கு மேல நுவரெலியாவுக்கும் மேல இருக்கற ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவப் பத்திதான், அதனால இந்தத் தடவ முழுப் பக்கமும் அதுக்கே.

அக்கா, டிசம்பர் லீவுல ஒரு வேன் பிடிச்சு 11 பேர் போறோம். அம்மாவுக்கு 62 வயசு, முழங்கால் வலி இருக்கு. சின்னப் புள்ளைங்க ரெண்டு பேரு. எப்படிப் போனா நல்லது? – வாசகி, கொட்டகலை

முடிஞ்சா ஒரு மாசம் தள்ளிப் போடுங்க தங்கச்சி. டிசம்பர்ல மழை இன்னும் விடாது, ஜனவரி கடைசில இருந்து மார்ச் வரைக்கும்தான் வானம் தெளிவா இருக்கும். ஆனா அந்த நேரத்துலதான் ராத்திரில உறைபனியும் விழும். நுவரெலியாவே 1,868 மீட்டர்தான், சமவெளி 2,100க்கும் மேல, அதனால நாங்கெல்லாம் குளிருக்குப் பழகின ஆளுங்கனு நெனச்சு ஒரு ஜர்சியோட கிளம்பிராதீங்க, புள்ளைங்களுக்குத் தொப்பி, காலுறை, மழைக்கோட்டு எல்லாம் வேணும். போயா லீவு, சனி ஞாயிறு வேணாம், கூட்டத்துல நடக்கவே ஏலாது.

கேட் 6 மணிக்குத் தொறப்பாங்க. 9, 10 மணிக்கு மேல கீழ இருந்து மூட்டம் ஏறி வந்துச்சுன்னா, உலக முடிவுனு சொல்ற அந்த மலை விளிம்புல வெள்ளைத் துணி கட்டின மாதிரி இருக்கும், ஒண்ணும் தெரியாது. அதனால எவ்வளவு வெள்ளன எழும்புறீங்களோ அவ்வளவு நல்லது.

அம்மாவ முழு சுத்துக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க, இத நான் உறுதியாவே சொல்றேன். மொத்தம் 9.5 கிலோமீட்டர், 3, 4 மணித்தியாலம் ஆகும், கல்லு, வேரு, சேறு, ஏத்தம் இறக்கம் எல்லாம் இருக்கு, பாதி வழில முழங்கால் பிடிச்சா வண்டி வராது, தூக்கிட்டுதான் வரணும். அம்மாவுக்கு நடக்கத் தொடங்குற இடத்துல இருக்கற ஃபார் இன் பக்கமே போதும், அங்க சின்னக் காட்சியகம் இருக்கு, புல்வெளி கண்ணுக்கு எட்டுற தூரம் விரிஞ்சு கிடக்கும், அந்தப் பக்கம் மரை, அதான் அந்தப் பெரிய மான், பெரும்பாலும் நிக்கும். நீங்க மாறி மாறி ஒருத்தர் அம்மாகூட இருங்க, தனியா வேன்ல உக்கார வச்சிட்டுப் போயிராதீங்க.

புள்ளைங்க கைய உலக முடிவுல விடவே கூடாது, 800 மீட்டருக்கு மேல நேர் பள்ளம் அது. டொய்லட்டுக்கு நடக்கத் தொடங்குற இடத்துலயே போயிட்டு வாங்க. சாப்பாட லன்ச் ஷீட்ல சுத்தாதீங்க, கேட்ல பேக்கத் தொறந்து பாத்து பொலித்தீன் எல்லாம் எடுத்துருவாங்க, தண்ணி போத்தல்ல ஒட்டியிருக்கற லேபலக்கூட உரிச்சிட்டுதான் விடுவாங்க. டிபன் பெட்டில ரொட்டியும் கட்ட சம்பலும் கொண்டுபோங்க, மிச்சத்தப் பெட்டிலயே திருப்பிக் கொண்டு வாங்க. மரை பக்கத்துல வந்து மூஞ்சிய நீட்டும், பாக்கப் பாவமா இருக்கும், ஆனா ஒரு துண்டுகூடக் குடுக்காதீங்க. ஆளுங்க குடுத்துப் பழக்கினதாலதான் அது வண்டி பக்கமே சுத்துது, உப்பு வாசனைக்குப் பொலித்தீனையும் சேத்து முழுங்கிருது.

போன வருசம் போட்டோ எடுக்கப் பாதைய விட்டு நாலு அடி புல்லுக்குள்ள இறங்கினதுக்கு ஒருத்தர் எங்கள ஏசிட்டாரு. வெறும் புல்லுதானே, காடா அது? இதுக்கு ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? – வாசகர், அக்கரப்பத்தனை

தம்பி, உங்க ஊர்க்காரர் கேக்குற கேள்வி இது இல்லையேனு தோணுச்சு, ஏன்னா அந்தப் புல்லுத் தண்ணிதான் உங்க ஊர்ப் பக்கம் ஆக்ரா ஓயாவா இறங்குது. ஏசினது மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும், நல்ல விதமா சொல்லியிருக்கலாம், ஆனா சொன்ன விசயம் சரி.

நான் பொறந்தது தோட்டத்து லயத்துல. வீட்டுக்குத் தண்ணி, மலை ஊத்துல இருந்து விழுற பீலில இருந்துதான், விடிய முன்னாடி குடத்தோட வரிசை. மாசி பங்குனில ஊருக்கெல்லாம் ஊத்து சுருங்கும், எங்க பீலி மட்டும் விரல் தடிப்புலயாவது விழுந்துகிட்டே இருக்கும், மழையே இல்லாம இது எங்க இருந்து வருதுனு அப்ப நான் யோசிச்சதில்ல. சமவெளிக்கு மொத தடவ போனப்பதான் விளங்குச்சு. பாதை ஓரத்துல யாரோ இறங்கி ஏறின ஒரு சப்பாத்துத் தடம், ரெண்டு நாளா மழை இல்ல, ஆனா அந்தத் தடம் விளிம்பு வரைக்கும் தண்ணி, மேல எண்ணெய் விட்ட மாதிரி மெல்லிசா ஒரு படலம் மினுங்குது. அது எண்ணெய் இல்ல, இரும்பு கலந்த சதுப்புத் தண்ணில வாழுற பாக்டீரியா போடுற ஏடு, குச்சியால தொட்டா துண்டு துண்டா உடையும்.

அதாவது நீங்க இறங்கின இடம் பாக்கத்தான் புல்லு, கீழ சதுப்பு. குளிரும் ஈரமும் சேந்து செத்த புல்ல சீக்கிரம் மக்க விடாது, அது அடுக்கடுக்காக் கறுப்பு மண்ணா சேந்து தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும், கொஞ்சம் கொஞ்சமாத்தான் விடும். பிரேமதிலகனு ஒரு ஆராய்ச்சியாளர் இந்தக் கறுப்புச் சேத்தத் தோண்டி எடுத்து, 20,000 வருசத்துக்கும் மேலான மகரந்தத்த அடுக்கடுக்கா எண்ணிப் பாத்து, எப்ப மழை கூடுச்சு எப்ப காஞ்சுதுனு வாசிச்சிருக்காரு. அவ்வளவு பழசு அந்த மண்ணு. சுத்தி நிக்கிற குட்டைக் காடும் சும்மா நிக்கல, மூட்டம் வர நேரம் ஒரு கீன மரத்துக்குக் கீழ நின்னு பாருங்க, வெளில ஒரு துளி மழை இல்லாட்டியும் பாசில இருந்து சொட்டு சொட்டா உங்க தோள்ல விழும், மரம் மூட்டத்தையே வடிச்சு இறக்குது. மகாவலி, களனி, வளவை மூணு கங்கைக்கும் இங்கதான் தலைத்தண்ணி.

இப்ப நாலு அடிய யோசிங்க. ஒருத்தர் மிதிச்சா புல்லு எழும்பிரும். நூறு பேர் மிதிச்சா மண்ணு இறுகிரும், தண்ணி உள்ள இறங்காம மேலயே ஓடிக் கானாயிரும், அடுத்து வாறவங்க சேத்துல கால் வைக்கப் பயந்து இன்னும் ரெண்டு அடி தள்ளி நடப்பாங்க, அப்படியே பாதை அகலமாகிட்டே போகும். சில இடத்துல ஒரே பாதை மூணு பாதையாப் பிரிஞ்சு கிடக்கறத நீங்களே பாத்திருப்பீங்க. சேறா இருந்தாலும் நடுவுலயே நடங்க தம்பி, சப்பாத்த வீட்டுல கழுவிக்கலாம்.

மகன் அமெரிக்காவுல இருந்து ஒக்கிஃபனோக்கினு ஒரு இடத்துப் போட்டோ அனுப்பினான், பைன் மரமும் சதுப்பும் ஒண்ணா இருக்கு. நம்ம நாட்டுலயும் சமவெளிக்குப் பட்டிப்பொல ஊடாகப் போற வழியில பைனஸ் இருக்கே, அதுவும் அதே மாதிரி இயற்கையா? – வாசகர், பண்டாரவளை

இல்லைங்க ஐயா. ஒக்கிஃபனோக்கி ஜோர்ஜியா, ஃபுளோரிடா எல்லைல இருக்கு, 1937ல வனவிலங்குப் புகலிடமாக்கி, 1974ல பெரும் பகுதிய சட்டப்படி பாதுகாக்குற வனமா அறிவிச்சாங்க. பேரையே நடுங்குற நிலம்னுதான் அர்த்தம் சொல்றாங்க, மிதக்குற சதுப்புல மிதிச்சா பக்கத்துச் செடி ஆடுமாம். அங்க பைன் சொந்த மரம். சதுப்புக்குள்ள இராத் தங்கணும்னா அனுமதி எடுத்து ஓடத்துல போய் பெரும்பாலும் பலகைத் தட்டுல படுக்கணும், மகன் போறதா இருந்தா முன்கூட்டியே பதியச் சொல்லுங்க.

நம்ம நாட்டுக்குப் பைனஸ் சொந்தமே இல்ல. கரீபியன் பக்கத்து மரம், 1970, 80கள்ல மண்ணு அரிச்சுப் போன சரிவுகள்ல கூட்டம் கூட்டமா நட்டாங்க. வெறும் சரிவ சீக்கிரம் மூடிருச்சு, அத நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா கீழ ஊசி இலை மெத்தை மாதிரி சேந்து வேற செடி லேசுல வராது, வெயில் காலத்துல ஒரு தீக்குச்சி போதும் மலையே எரிய. பைனஸ் வந்த பிறகு ஊத்து வத்திருச்சுனு தோட்டத்துல பெரியவங்க இன்னும் சொல்வாங்க. சிங்கராஜ மழைக்காட்டு ஓரத்துல பேராதனைப் பல்கலைக்கழகத்து நிமல், சாவித்திரி குணதிலக ரெண்டு பேரும் பைனஸுக்கு நடுவுல நம்ம காட்டு மரக்கன்ன நட்டு வளத்துக் காட்டியிருக்காங்க, இந்தப் பக்கமும் அப்படி செஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்.

சமவெளிக்குள்ள நீங்க தேட வேண்டியது பைனஸ் இல்ல, சிவப்பாப் பூக்குற ரோடோடென்ட்ரன். கோணல் மாணலா நிக்கும், பூத்தா தூரத்துலயே தெரியும்.

லண்டன்ல இருந்து சித்தப்பா வாறாரு. அவருக்கு டிக்கட் எவ்வளவு? உள்ள தங்கலாமா? – வாசகி, ஹட்டன்

வெளிநாட்டு பாஸ்போட்னா வெளிநாட்டுக் கட்டணம்தான், நம்மளுதவிடப் பல மடங்கு, கேட்ல போய் வாக்குவாதம் பண்ணாதீங்க. நீங்க அடையாள அட்டைய மறக்காதீங்க. தங்குறதுக்கு வனசீவராசிகள் திணைக்களத்துல முன்னாடியே பதியணும், நேரா போய்க் கேட்டா கிடைக்காது.

அவ்வளவு தூரம் போய் மூட்டம் மூடிருச்சுன்னா என்ன பண்றது? – வாசகர், ராகலை

அரை மணித்தியாலம் உக்காருங்க. காத்து மாறினா ரெண்டு நிமிசத்துல திரை விலகின மாதிரி விலகும், கீழ தேயிலைத் தோட்டமும் லயத்துக் கூரையும் தெரியும், எனக்கு ஒரு தடவ கோயில் மணிச் சத்தம்கூட மேல கேட்டுச்சு. விலகாட்டி திரும்பி வர வழியில பேக்கர் நீர்வீழ்ச்சி இருக்கு, அதுக்கு மூட்டம் ஒரு தடையே இல்ல. குளிக்க மட்டும் இறங்காதீங்க, பாறை வழுக்கும், குளிக்க அனுமதியும் இல்ல.

ராகலைல இருந்துனா வேன்காரர விடிகாலை 3.30க்கே வரச் சொல்லுங்க.