ஜவ்வாது மலையில் சைக்கிள்: கேட்டவர்களுக்குப் பதில்

ஆம்பூரிலிருந்து: அண்ணா, இறக்கம் வந்தாலே கை நடுங்குகிறது. முன் பிரேக் பிடித்தால் குப்புறத் தள்ளிவிடும் என்று பின் பிரேக்கை மட்டும் பிடிக்கிறேன். சரியா?

சரியில்லை தம்பி. வேகம் குறையும்போது பாரம் முன்னால் போகிறது. முன் சக்கரம் தரையை நன்றாகப் பற்றும், பின் சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரத்தை அழுத்திப் பிடித்தால் அது சுற்றாமல் சறுக்கும், வண்டி சீக்கிரம் நிற்காது. குப்புற விழுகிறவர்கள் பெரும்பாலும் சீட்டை உயரத்தில் விட்டு, கையை விறைப்பாக நீட்டி, திடீரென்று மொத்தமாக அமுக்குகிறவர்கள். இறக்கத்துக்கு முன் சீட்டை நான்கு விரல் இறக்குங்கள். பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில், குதிகால் கீழே, இடுப்பு பின்னால், முழங்கை மடங்கி இருக்கட்டும். ஒரு விரலால் முன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், பின் பிரேக் துணைக்கு. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். சரளையில் சாய்ந்தபடி முன் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும்.

இன்னொன்று. சறுக்கிய சக்கரம் மண்ணில் கோடு கிழிக்கிறது. அடுத்த மழையில் தண்ணீர் அந்தக் கோட்டிலேயே ஓடி அதை வாய்க்காலாக்கிவிடும். நமக்கு விளையாட்டாக இருக்கும் அந்த ஒற்றையடிப் பாதையில்தான் மலைக்காரர்கள் தலைச்சுமையோடு நடக்கிறார்கள். சறுக்காதீர்கள்.

காட்பாடியிலிருந்து: எந்த மாதம் நல்லது?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஏப்ரல், மே வேண்டாம். வெயிலோடு காட்டுத்தீ பயமும் உண்டு.

குடியாத்தத்திலிருந்து: நான் முன் பிரேக்கையே கழற்றிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. எதற்குச் சின்னப் பையன்களைக் குழப்புகிறீர்கள்?

முதலில் அதை மாட்டுங்கள் சார். பிறகு ஒரு மண் மைதானத்தில் ஒரே வேகத்தில் வந்து, ஒரே இடத்தில் பிரேக் பிடியுங்கள். ஒரு முறை பின் பிரேக் மட்டும், ஒரு முறை இரண்டும். நின்ற இடத்தில் கல் வைத்துப் பாருங்கள். இரண்டு கல்லுக்கும் உள்ள தூரத்தில்தான் மலையில் பள்ளமோ ஆளோ இருக்கும்.

ஆரணியிலிருந்து: குடியாத்தம்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஈரப் பாறையில் முன் பிரேக் பிடித்துத்தான் எனக்குத் தோள்பட்டை இறங்கியது.

வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஈரப் பாறை மேல் எந்த பிரேக்கையும் அழுத்தக் கூடாது. பாறைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வண்டியை நேராக உருளவிடுங்கள். நம்பிக்கை இல்லையென்றால் இறங்கித் தள்ளுங்கள்.

மறுபடி குடியாத்தம்: மைதானம் வேறு, மலை வேறு.

வேறுதான். இறக்கம் செங்குத்தாக ஆக ஆக பாரம் இன்னும் முன்னால் போகும், பின் சக்கரம் இன்னும் லேசாகும். அதனால்தான் மலையில் பின் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது, உடம்பையும் பின்னால் தாழ்த்த வேண்டியிருக்கிறது. நீங்கள் சொன்ன வித்தியாசமே என் பதிலுக்குக் காரணம். அந்தக் கல்லை வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள், மேலே பேசலாம்.

சத்துவாச்சாரியிலிருந்து: படங்களில் வருகிற மாதிரி புல்வெளி இங்கே உண்டா?

அந்தப் படங்கள் பெரும்பாலும் உத்தராகண்ட் பக்கத்து புக்யால்கள், அதாவது இமயமலை உச்சிப் புல்வெளிகள். மரம் வளரும் எல்லைக்கு மேலே, 3,300 மீட்டருக்கு மேல் இருப்பவை. பனி விலகிய சில மாதம்தான் அங்கே புல் வளரும். கிழிந்த இடம் மூட வருடக்கணக்காகும். அங்கே இரவு தங்கக் கூடாது என்று 2018இல் அந்த மாநில உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. நம் ஜவ்வாதில் காட்டுக்கு நடுவே புல் சரிவும் சாமைக் கொல்லையும் மாறி மாறி வரும். பச்சையாகத் தெரிவதெல்லாம் புல் இல்லை. சாமை நிற்கிற கொல்லைக்குள் சக்கரம் இறங்கினால் ஒரு வீட்டின் சாப்பாடு போச்சு. வரப்பில் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து: எந்த சைக்கிள் வாங்கலாம்?

இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. டிஸ்க் பிரேக், 2.2 அங்குல டயர், உங்கள் உயரத்துக்குப் பொருந்தும் ஃபிரேம். பிராண்டு கேட்காதீர்கள்.

திருப்பத்தூரிலிருந்து: வேலிக்காத்தான் முள்ளுக்கு என்ன வழி?

ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயர் போட்டு, உள்ளே முள் குத்திய ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றுங்கள். நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துவிடும், சில மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். ட்யூப் ஓட்டுகிறவர்கள் காற்றை ரொம்பக் குறைத்தால் கல்லில் இடித்து ட்யூப் கிள்ளிக்கொள்ளும்.

வாணியம்பாடியிலிருந்து: அனுமதி வேண்டுமா? கரடி உண்டா?

ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகும் தார்ச் சாலைக்கு வேண்டாம். காப்புக்காட்டுக்குள் போக வனச்சரக அலுவலகத்தில் கேட்டே ஆக வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்துவிட்டன. கரடி உண்டு. விடியலிலும் பொழுது சாயும்போதும் போகாதீர்கள். கண் தெரியாத வளைவில் மணி அடியுங்கள். நடந்து வருகிறவர்களுக்கும் அந்த மணி உதவும்.

வேலூரிலிருந்து: முட்டி வலிக்கிறது, ஓட்டலாமா?

எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பேரணாம்பட்டிலிருந்து: எந்தக் கை முன் பிரேக்?

வண்டிக்கு வண்டி மாறும். ஏறுவதற்கு முன் முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, ஒவ்வொரு லீவராக அழுத்திப் பாருங்கள். இரவல் வண்டி என்றால் கட்டாயம்.