தத்தெடுத்த பூனைக்கு அடிக்கடி மூக்கடைப்பு

கேள்வி: சென்ற ஆனி மாதம், தெருவில் மீட்கப்பட்ட இரண்டு வயதுப் பெண் பூனை ஒன்றைத் தன்னார்வலர் ஒருவரிடமிருந்து தத்தெடுத்தோம். மீனு என்று பெயர் வைத்தோம். வந்த பத்தாம் நாளே தும்மத் தொடங்கி, மூக்கடைத்து, இடது கண்ணில் பீளை கட்டியது. ஊசி போட்டபின் சரியாயிற்று. தீபாவளி முடிந்த ஒன்பதாம் நாள் மறுபடியும் வந்தது. தை மாதம் உறவினர் திருமணத்துக்காக நான்கு நாள் பக்கத்து வீட்டில் விட்டுச் சென்றோம்; திரும்பிய சில நாளில் மூன்றாம் முறையாக வந்துவிட்டது. இப்போது சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறாள். மூக்கில் தைலம் தடவலாம் என்கிறார் மாமியார். இதற்கு நிரந்தரத் தீர்வு உண்டா? எட்டு வயது மகனுக்கு ஒட்டுமா?
– வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, முதலில் தைலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து தடவாதீர்கள். யூகலிப்டஸ் தைலத்திலும் கற்பூரத்திலும் உள்ள பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. மூக்கில் தடவியதை அது நக்கியும் விழுங்கும். காய்ச்சலுக்கென்று நாம் போட்டுக்கொள்ளும் பாரசிட்டமால் இதைவிடக் கொடியது. ஒரே ஒரு மாத்திரை பூனையின் உயிரைப் பறிக்கப் போதும்.

நீங்கள் நாள் கணக்கோடு எழுதியிருப்பது எனக்குப் பெரிய உதவி. புதிய வீட்டுக்கு வந்தது, பட்டாசுச் சத்தம், பழகாத வீட்டில் தனியாக விடப்பட்டது ஆகிய மூன்றும் பூனைக்குப் பெரிய அதிர்ச்சிகள். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒரு வாரம் கழித்தே நோய் தலைகாட்டியிருக்கிறது. பூனை ஹெர்பிஸ் வைரஸின் போக்கு அச்சாக இப்படித்தான் இருக்கும். குட்டிப் பருவத்தில் தொற்றும் இந்த வைரஸ், சளி ஆறியபின்னும் உடலை விட்டுப் போகாமல் முகத்துக்குச் செல்லும் நரம்பின் முடிச்சில் உறங்கிக் கிடக்கிறது. மனஅழுத்தம் வரும்போதும், ஸ்டீராய்டு மருந்து கொடுக்கப்படும்போதும் விழித்துக்கொண்டு மூக்குக்கும் கண்ணுக்கும் இறங்குகிறது. ஆகவே, மீனுவுக்கு மூன்று முறை புதிதாகச் சளி பிடித்ததாக நான் நினைக்கவில்லை. பழைய நோய் ஒன்றே மூன்று முறை எழுந்திருக்கிறது. உங்கள் கவனிப்பில் குறை எதுவும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். தெருவிலும் காப்பகத்திலும் நெருக்கமாக வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவை இந்த வைரஸையோ, இதேபோல் சளி உண்டாக்கும் கலிசி வைரஸையோ முன்பே சந்தித்தவைதான்.

வைரஸை அடியோடு நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் நோய் எழும் தடவைகளையும் அதன் கடுமையையும் நன்றாகக் குறைக்க முடியும். நீர்போல் ஒழுகும் சளிக்கு, பூனை நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்வரை, ஆன்டிபயாடிக் தேவைப்படாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிப்பட்டால், பாக்டீரியாவும் சேர்ந்துவிட்டதாகக் கருதி மருத்துவர் டாக்சிசைக்ளின் தருவார். அந்த மாத்திரையை வெறுமனே விழுங்க வைக்காமல், உடனே ஊசியில்லாத சிரிஞ்சால் ஐந்தாறு மில்லி தண்ணீர் புகட்டுங்கள்; உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண்ணாகிக் குழாயே சுருங்கிவிடும். வைரஸ் கடுமையாக எழும்போது ஃபாம்சிக்ளோவிர் என்ற மருந்து பயன்படுகிறது. அளவை மருத்துவர்தான் எடை பார்த்து முடிவு செய்ய வேண்டும். மனிதர்களுக்கான அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் ஆகியவற்றை அதற்குப் பதிலாகக் கொடுக்கக் கூடாது. அவை பூனைக்கு நஞ்சு. ஹெர்பிஸை அடக்கும் என்று நம்பி, லைசின் என்ற அமினோ அமிலப் பொடியை வாங்கிப் போடும்படி பலர் சொல்வார்கள். 2015-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று அதனால் பயனில்லை என்றே முடிவு கூறியது.

மீனு சோற்றை விட்டு ஒதுங்குவது பிடிவாதத்தால் அல்ல. பூனை மணத்தை நம்பியே உண்ணும். மூக்கடைத்தால் தட்டில் இருப்பது அதற்கு உணவாகவே தெரியாது. எனவே குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, அவளோடு பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். ஆவி பறக்கும் பாத்திரத்தின்மேல் முகத்தைப் பிடிக்க வேண்டாம், சுட்டுவிடும். பிறகு, வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த பஞ்சை மூக்கில் காய்ந்திருக்கும் பொருக்கின்மேல் அரை நிமிடம் வைத்து, ஊறியதும் கீழ்நோக்கித் துடையுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் பஞ்சு வேண்டும். துடைத்த கையோடு, மூக்கு திறந்திருக்கும்போதே, உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து முள் நீக்கிய மத்தி மீனை இளஞ்சூட்டில் பிசைந்து வையுங்கள். எத்தனையோ பூனைகள் அந்த ஐந்து நிமிடத்தில்தான் அன்றைய முதல் வாயைச் சாப்பிட்டிருக்கின்றன. ஒரு நாள் முழுவதும் எதுவும் உண்ணாவிட்டால் காத்திருக்காதீர்கள். பட்டினி இரண்டு மூன்று நாள் நீடித்தால், குறிப்பாகப் பருத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே புறப்பட வேண்டும்.

வீட்டில் சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள் ஆகியவற்றின் புகை அவளிருக்கும் அறைக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி ஏற்கெனவே உள்ள வைரஸை வெளியேற்றாது என்றாலும் நோயின் வேகத்தைத் தணிக்கும். உடல் தேறியதும் போட்டுவிடுங்கள்.

ஹெர்பிஸ்தான் என்று முடிவுகட்டிவிட்டு மற்றவற்றை மறந்துவிடக் கூடாது. ஒரு நாசியில் மட்டும் சளியோ இரத்தமோ வருவது, மூக்கின் மேடு வீங்குவது, சளி இல்லாத நாள்களிலும் குறட்டை போன்ற சத்தம் கேட்பது ஆகியவை இருந்தால், பல் வேரில் சீழ், தொண்டையின் பின்புறம் வளரும் தசைக்கட்டி, பூஞ்சைத் தொற்று, புற்று ஆகியவற்றைத் தேட வேண்டியிருக்கும். பல்லையும் தொண்டையையும் மயக்கம் கொடுத்துப் பார்த்து, எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எச்சில், இரத்தம் வழியாகப் பரவி எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் இரண்டு வைரஸ்களுக்கான இரத்தப் பரிசோதனையை, தெருவிலிருந்து வந்தவள் என்பதால், ஒருமுறை செய்துவிடுவது நல்லது.

உங்கள் மகனுக்குப் பயம் வேண்டாம். பூனை ஹெர்பிஸ் மனிதருக்கு ஒட்டாது. கண் பீளையில் இருக்கக்கூடிய வேறு சில கிருமிகள் மிக அரிதாக ஒட்டலாம் என்பதால், துடைத்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். வேறு பூனை வளர்த்தால் மட்டும் தட்டையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் தனியாக வையுங்கள்.

வரும் தீபாவளிக்கு முதல் நாளே உள்ளறை ஒன்றில் அவளுடைய மணல் தட்டையும், துவைக்காத பழைய போர்வை விரித்த அட்டைப் பெட்டியையும் வைத்து, சன்னலை மூடி, மின்விசிறியை ஓடவிடுங்கள். ஊருக்குப் போகும்போது அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பாமல், பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.